என் முதல் ஒப்பந்தமும் அம்மாவின் செத்தல் மிளகாயும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். ஹொக்கி லீக்கின் ஒழுங்கு விசாரணைக்குப் பொறுப்பான மதாம் ரொவா, கடும் தடிமனோடு, மூக்கடைத்தபடி. எங்கள் அணியின் முதலாளி, மெத்தைக் கடை முஸ்யு லலோந்த். கோச் கஸ்தோன், கையில் ஒரு தோடம்பழத்தோடு. எதிரணியின் பின்காவல் ஆட்டக்காரன் பெரிய மார்செல், கண் இரண்டும் இன்னும் சிவந்தபடி. அரீனாவைப் பார்த்துக்கொள்ளும் நோர்மன். கோயில் சேலைக்கு மேல் பனிக்கால ஜக்கெற் போட்ட என் அம்மா. நான். மேசையின் நடுவில், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய எங்கள் வீட்டுத் தாச்சி, பொரிக்கிற இரும்புச் சட்டி. தாச்சி ஆளில்லை என்று தெரியும். ஆனால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் சங்கத்து ஆண்டு மலர்க்காரர் இதை எழுதித் தரும்படி போன வருடமே கேட்டார். "இந்த ஊரிலை காசுக்கு ஐஸ் ஹொக்கி விளையாடின தமிழாள் எனக்குத் தெரிய நீர் ஒராள்தான். எழுதித் தாரும்" என்றார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், பிழை வந்தால் ஆட்கள் சிரிப்பார்கள் என்றேன். "சிரிச்சால் நல்லதுதானே, மலர் முழுக்க அஞ்சலியாக் கிடக்கு" என்றார். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதே யார் கோபிப்பார்களோ என்று பயம்தான். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது எங்கள் ஆட்கள் பிள்ளைகளை ஹொக்கியில் விடத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு தகப்பன் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, உண்மையைச் சொல்லும், பல்லு மிஞ்சுமோ?" என்று கேட்கிறார். மிஞ்சும். எனக்குப் போனது ஒரே ஒரு பல். அதுவும் ஆட்டத்தில் இல்லை, கல்லு மாதிரியான பருத்தித்துறை வடையில்.

ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்து மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கீழே ஒரு பூங்கா. குளிர் இறுகினதும் நகரசபை ஆட்கள் குழாயால் தண்ணீர் அடித்து அதை ஐஸ் மைதானமாக்குவார்கள். பழைய சாமான் கடையில் அப்பா ஒரு சோடி ஸ்கேற் வாங்கிவந்தார். இரண்டு அளவு பெரிது. காலுறை மூன்று போட்டால் சரியாக இருந்தது. ஓடப் பழகினேன், வளையப் பழகினேன், நிற்க மட்டும் பழகவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வருவேன். பதினாறு வயதில் படிப்பை விட்டேன். பிறகு சின்னச் சின்ன அணிகள், பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுதல், மாலையில் பயிற்சி. பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை, முழங்கால் வலித்தது.

என்னுடைய திறமை என்னவென்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயம். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த ஆள். லிப்ட் நின்றுவிடுமோ, அடுப்பை அணைத்தேனோ, எனக்கு முன்னால் போகிற பஸ்காரருக்கு நெஞ்சு வலிக்குமோ என்று யோசிக்கிறவன். ஐஸில் என்னை விட இருமடங்கு உடம்புள்ள ஒருவன் துரத்திக்கொண்டு வந்தால் அந்தப் பயம் அப்படியே காலுக்கு இறங்கும். நான் வட்டு என்கிற அந்த ரப்பர் வில்லையை நோக்கி ஓடுகிறேன் என்று சனம் கைதட்டும். நான் ஓடியது அவனிடமிருந்து. வட்டு வழியில் கிடந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் கோச் கஸ்தோன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றக் கோச்மார் கத்துவார்கள், தடியை உடைப்பார்கள். கஸ்தோன் தோடம்பழம், அதுதான் ஒரேஞ்ச், உரிப்பார். ஆட்டம் தொடங்கும்போது பழம் கையில் இருக்கும். நகத்தால் மேலே ஒரு கீறல் போட்டு, தோலை ஒரே நாடாவாக உரித்துக்கொண்டே வருவார். நாங்கள் நன்றாக விளையாடினால் கெதியாக உரிப்பார். மோசமாக விளையாடினால் மெதுவாக. தோல் இடையில் அறுந்தால் யாரோ ஒருவன் மிச்ச ஆட்டம் முழுக்க வெளியே வாங்கிலில் குந்தியிருக்கப் போகிறான் என்று அர்த்தம். கோபம் வந்தால் காதுக்குக் கிட்ட வந்து மெல்லமாகத்தான் கதைப்பார். இன்றைக்கும் சந்தையில் தோடம்பழ வாசம் வந்தால் நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

அவர் தூஷணம் சொல்லாத ஆள் இல்லை. கியூபெக்கில் தூஷணம் எல்லாமே தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள். பூசைக் கிண்ணம், அப்பம், அப்பம் வைக்கிற பெட்டி. அம்மா ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்து, அவர் முணுமுணுத்த சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு போய், எங்கள் மாடியிலிருந்த மட்டக்களப்பு ரீச்சர் அக்காவிடம் கேட்டிருக்கிறா. அக்கா கத்தோலிக்கர், வெகுளி, உள்ள கருத்தைச் சொல்லிவிட்டா. "உன்ரை கோச் நல்ல பக்தியான மனுசன். விளையாட்டு நடக்கேக்கையும் செபம் விடுறேல்லை" என்று அம்மா மெச்சினா. நான் திருத்தவில்லை.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை விடப் போகிறவர்களுக்கு உதவும். உடுத்துவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முழங்கால் தொட்டுக் கணுக்கால் வரைக்குமான காப்பு, பிறகு காலுறை, பிறகு காற்சட்டை, பிறகு ஸ்கேற், அதற்குப் பிறகுதான் தோள்காப்பு. தோளை முதலில் போட்டால் குனிந்து லேஸ் கட்ட முடியாது. நான் லேஸை மூன்று முறை கட்டி அவிழ்த்துக் கட்டுவேன். தடியின் நாக்குக்கு, வட்டை அடிக்கிற பகுதிக்கு, குதியிலிருந்து நுனி நோக்கி நாடா சுற்ற வேண்டும். வாங்கிலில் இருக்கும்போது உன் இடத்தில் விளையாடுகிறவனை மட்டும் பார். அவன் ஐஸ் ஓர மதிலைத் தொட வரும்போது நீ உள்ளே குதி. முந்திக் குதித்தால் ஆள் கூடிப்போச்சு என்று தண்டனை. ஒரு முறை குதித்தால் முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வந்து ஏறிவிட வேண்டும்.

நான் நாலாம் வரிசை, இடது பக்க முன் ஆட்டக்காரன். நாலாம் வரிசைக்காரன் கோல் அடிக்க வந்தவன் இல்லை. வட்டை எதிராளியின் மூலைக்குள் எறிந்துவிட்டு, துரத்திப் போய் எடுப்பதுதான் அவன் வேலை. மூலையில் வட்டைத் தொடுவதற்கு முன்பு தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும், யார் இடிக்க வருகிறான் என்று. எல்லாரும் மறந்துபோகிற பாடம் அது. நான் மறந்ததே இல்லை. இரண்டு பக்கமும் பார்ப்பேன், மேலேயும் ஒருக்கால் பார்ப்பேன். கஸ்தோன் பயிற்சியை நிறுத்தி மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார்.

"இவனைப் பாருங்கோ. இவன் பயத்திலை பாக்கிறான். நீங்கள் பயமில்லாத ஆக்கள். எங்கை, ஒருக்கால் சிரியுங்கோ பாப்பம்."

அவர்கள் சிரித்தார்கள். அந்த வரிசையில் முன்பல் உள்ளவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தப் பருவத்தில் நான் பரீட்சார்த்த ஆட்டக்காரன். சம்பளம் இல்லை. ஆட்டம் முடிய ஒரு தட்டுப் பூட்டின் தருவார்கள், உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல் சீஸும் குழம்பும் ஊற்றினது. அதைச் சம்பளம் என்று அம்மாவுக்குச் சொல்ல முடியாது. இடது பக்கத்தில் ஒரே ஒரு இடம் காலி. வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் எழுதுவதா அனுப்பிவிடுவதா என்று லலோந்த் முடிவுசெய்வார். அனுப்பிவிட்டால் எனக்கு வேறு அணி இல்லை, வயது இருபத்துநாலு, கையில் ஒரு சேர்ட்டிபிகேற்றும் இல்லை. கோப்பை கழுவுகிற இடத்து முதலாளி அதற்குள்ளேயே, "முழுநேரம் வாறியோ?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

அதற்கு முதல் மூன்று ஆட்டங்களில் நான் அடித்த வட்டு எல்லாம் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிவந்தது. வீட்டில் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டேன். அம்மா கறி கிண்டுவதை நிறுத்தினா.

"எப்ப துடங்கினது?"

"போன கிழமை."

"போன கிழமைதானே கமலா கோயிலிலை என்னைக் கண்டவள். 'என்ன உடம்பு, என்ன தோள், ஐஸிலை பறக்கிறானாமே உங்கடை பெடியன்' எண்டு வாய் மூடாமல் சொன்னவள். நான் அப்பவே நினைச்சனான்."

"அம்மா, அது நீங்கள் காட்டின, தோள்காப்புப் போட்ட படத்தைப் பாத்துச் சொன்னவ."

"நாவூறுக்குத் தோள்காப்புத் தெரியுமே?"

நாவூறு கழிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தெரியாத பிள்ளைகளுக்காக: நாவூறு என்பது பிறர் கண்ணும் வாயும் பட்டு வருகிற கெடுதல், அதைக் கழிப்பது என்றால் காய்ந்த செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் மூன்றையும் கையில் பொத்தி, ஆளின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது. மிளகாய் கருகி எல்லோரும் இருமித் தும்மினால் நாவூறு இல்லை. ஒருவரும் தும்மாவிட்டால் நாவூறு கடுமை, இன்னும் போட வேண்டும். இருள் கவிகிற வெள்ளிக்கிழமை மைம்மல் பொழுதுதான் அதற்குச் சரியான நேரம். வெள்ளிக்கிழமை மைம்மலில் நான் அரீனாவில் இருப்பேன். கஸ்தோன் ஆட்ட நாளில் மத்தியானத்துக்குப் பிறகு யாரையும் வெளியே விடமாட்டார்.

"அப்ப நான் அங்கை வாறன்" என்றா அம்மா.

மறித்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் கம்பத்தில் வட்டை அடித்துப் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் மூன்று ஆட்டம் கேட்டவனுக்கு, அம்மா சொல்வது கோச் சொல்வதைவிட நியாயமாகத்தான் பட்டது.

முச்சந்தி மண்தான் சிக்கல். ஜனவரி மாதம், தெரு முழுக்கப் பனி. அம்மா சந்தியில் நின்று பனிக் குவியலைக் கரண்டியால் கிளறி, நகரசபை வழுக்காமல் கொட்டுகிற உப்பும் கல்லும் கலந்ததை அள்ளிவந்தா. "உப்பும் மண்ணும் ஒண்டாவே கிடக்கு. இந்த நாட்டிலை எல்லாம் வசதி" என்று சந்தோசப்பட்டா.

நான் அரைவாசி உடுத்திக்கொண்டிருக்கும்போது நோர்மன் வந்து, "உன்ரை அம்மா வந்து நிக்கிறா" என்றான். உடுப்பறைக்கு அடுத்த, ஸ்கேற் தீட்டுகிற சின்ன அறையில் அம்மா நின்றா. பயணம் போகிறபோது கொண்டுபோகிற காஸ் அடுப்பு, தாச்சி, ஒரு பொட்டலம். நோர்மனின் கையில் இரண்டு மீன் ரோல்ஸ். எப்படி உள்ளே விட்டான் என்று நான் கேட்கவில்லை.

"தொப்பியைக் கழட்டு" என்றா.

"அம்மா, கெதியாச் செய்யுங்கோ. கோச் கண்டால் கதை முடிஞ்சுது."

"அந்தப் பக்தியான மனுசன் ஒண்டும் சொல்லாது. கழட்டு. நாவூறு உன்ரை தலைக்கு, பிளாஸ்டிக்குக்கு இல்லை."

சுவரின் அடியில் கம்பி போட்ட ஒரு துவாரம் இருந்தது. அம்மா ஆளை இடைஞ்சல் படுத்தாத மனுசி. புகை எங்கள் உடுப்பறைக்குப் போகக் கூடாது என்று, அடுப்பை அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தா. மூன்று முறை தலையைச் சுற்றினா, தாச்சியில் போட்டா. புகை ஒரு நூல் மாதிரி எழும்பி, நேரே கம்பிக்குள் போனது.

"பாத்தியே, புகை தன்ரை பாட்டிலை போகுது. நல்லாக் கட்டியிருக்கிறாங்கள்."

நாங்கள் காத்திருந்தோம். நான் தும்மவில்லை. அம்மா தும்மவில்லை. வாசலில் நின்று ரோல்ஸ் சாப்பிட்ட நோர்மனும் தும்மவில்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"கடவுளே. ஒரு செருமல்கூட இல்லை. கமலா உன்னை முழுசா விழுங்கியிருக்கிறாள்."

இன்னொரு பிடி போட்டா. மிளகாய் நிலக்கரி மாதிரிக் கறுத்தது. ஒரு தும்மலும் இல்லை. இவ்வளவு நாவூறோடு எப்படி ஐஸில் இறங்குவது என்று எனக்கு யோசனை பிடித்தது. "அம்மா, மிச்சத்தையும் போடுங்கோ" என்று சொன்னவன் நான்தான். பொட்டலம் முழுவதையும் கவிழ்த்தா.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருமினான். பிறகு இன்னொருவன். பிறகு ஒரு பட்டாளமே இருமுகிற சத்தம், கதவு அடிக்கிற சத்தம், ஸ்கேற் போட்ட கால்கள் தடதடவென்று ஓடுகிற சத்தம். அந்தத் துவாரம் புகையை வெளியே விடுகிற துவாரமில்லை. எதிரணியின் உடுப்பறைக்குக் காற்றுக் கொண்டுபோகிற துவாரம்.

அம்மா காதைச் சாய்த்துக் கேட்டா. முகம் மலர்ந்தது. "அப்பாடா" என்றா, "இருமுறாங்கள்."

தீ மணி அடித்தது. அரீனா முழுக்க வெளியே போக வேண்டியதாயிற்று. பனிக்குள் கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு அணியும், பார்க்க வந்த சனமும், பொப்கோர்ன் விற்கிற பெண்ணும். பெரிய மார்செல், கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிற ஆள், பனிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அம்மாவோடு வெளியே வந்தார்கள். தாச்சியைத் தாருங்கோ என்று அவர்கள் பிரெஞ்சில் கேட்க, சூடு, கையைச் சுட்டுப்போடும் என்று அம்மா தமிழில் மறுத்துக்கொண்டு வந்தா. ஆட்டம் நடக்கவில்லை. கஸ்தோன் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பழத்தின் தோல் நடுவில் அறுந்து தொங்கியது.

விசாரணை திங்கட்கிழமை. எதிரணியின் முறைப்பாடு இதுதான்: எதிராளிகளுக்கு எதிராகத் தீங்கான பொருளைப் பாவித்தது. அது உறுதியானால் லீக்கிலிருந்து ஆயுள் தடை. மூன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அம்மா நன்றாக நித்திரை கொண்டா, நாவூறு போய்விட்டதென்று.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, மொழிபெயர்க்க நான்தான். மதாம் ரொவா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டா:

"எதுக்காக எதிரணியின்ரை அறைக்குள்ளை புகை அனுப்பினனீங்கள்?"

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நிமிர்ந்து இருந்தா.

"நான் ஏன் அவங்களுக்குக் கழிக்கப் போறன்? நான் கொண்டுபோனது என்ரை பிள்ளைக்கு. இடையிலை அவங்கள் ஓசியிலை வாங்கிப்போட்டாங்கள். அந்தப் பெரிய பெடியன்ரை முகத்தைப் பார், அவனுக்கும் நல்ல நாவூறு கிடக்கு. வேணுமெண்டால் இப்பவே ஒருக்காச் சுத்திவிடுறன் எண்டு சொல்லு."

"அம்மா மிகவும் வருந்துகிறா" என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

கஸ்தோன் தலையைச் சரித்தார். "அவ்வளவு நேரம் சொன்னது இவ்வளவுதானோ?"

"தமிழ் நீளமான பாஷை" என்றேன்.

அடுத்தது நோர்மனின் சாட்சி. "அடுப்பும் சட்டியும் கொண்டுவந்தா. அணிக்குச் சமைக்கப் போறா எண்டு நினைச்சன். எனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னனான்" என்றான். இதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. ரோல்ஸ் நன்றாக இருந்தது என்பதையும் பதியச் சொன்னான்.

பிறகு மார்செல் எழும்பினான். அறை சின்னதாகிவிட்டது. "இது சமையல் இல்லை, மதாம். இது ஆயுதம். நான் மூக்குடைஞ்சும் விளையாடினவன், விலா உடைஞ்சும் விளையாடினவன், அழுதது இதுக்குத்தான். நம்பாட்டில் அந்தப் பையைத் திறந்து மணந்து பாருங்கோ."

"வேண்டாம்" என்று நான் கத்திவிட்டேன். குற்றவாளி மாதிரித்தான் இருந்திருக்கும்.

மதாம் ரொவா பையை அவிழ்த்தா. குனிந்தா. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவ தும்மிய தும்மலில் மேசையிலிருந்த கடதாசி எல்லாம் லலோந்த்தின் மடிக்குப் போனது. தும்மிக்கொண்டே இருந்தா. கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனிக் கோப்பைதான், முழுநேரம்தான் என்று நினைத்தேன்.

சத்தம் ஓய்ந்தது. கண்ணைத் திறந்தேன். மதாம் ரொவா ஆச்சரியத்தோடு மூக்கால் காற்றை இழுத்துப் பார்த்தா. ஒரு பக்கம். பிறகு மற்றப் பக்கம்.

"கிறிஸ்மஸுக்குப் பிறகு இண்டைக்குத்தான் மூக்காலை மூச்சு விடுறன்" என்றா.

அம்மா என்னிடம், "பாத்தியே, அவவுக்கும் இருந்திருக்கு" என்றா. நான் மொழிபெயர்க்கவில்லை.

தீர்ப்பு பிரெஞ்சில் நீளமாக இருந்தது, சுருக்கிச் சொல்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை, அதனால் தடை இல்லை. ஆட்டம் திரும்ப நடக்கும். அம்மா அரீனாவுக்கு வரலாம், அடுப்பு வரக் கூடாது. தீயணைப்பு வண்டி வந்த செலவும் எதிரணியின் உடுப்புத் தோய்த்த செலவும் சேர்த்து முந்நூறு டொலர், அணி கட்ட வேண்டும்.

நான் மூச்சு விடுவதற்குள் லலோந்த் எழும்பிவிட்டார். லலோந்த்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: மெத்தைக் கடையில் மெத்தையைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக்கை மடித்து வைத்து, அதில்தான் எங்கள் ஸ்கேற் பைகளைத் தைப்பித்தவர்.

"அணி ஏன் கட்ட வேணும்? செய்தது இவன்ரை தாய். இவன் கட்டட்டும். இவனை இண்டைக்கே அனுப்பிறன்."

"அனுப்பினால் எப்பிடிக் கட்டுவான்?" என்று கேட்டார் கஸ்தோன். புதுப் பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார்.

"சம்பளத்திலை வெட்டுறன்."

"எந்தச் சம்பளம்? நீங்கள் குடுக்கிறது பூட்டின். பூட்டினிலை எப்பிடி முந்நூறு டொலர் வெட்டுறது?"

லலோந்த் விரல்களை மடக்கினார். நிமிர்த்தினார். அவருடைய தலைக்குள் கணக்கு ஓடுவது வெளியிலேயே தெரிந்தது. கஸ்தோன் பழத்தைச் சுற்றிச் சுற்றி, கெதியாக உரித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுறதெண்டால் முதல் சம்பளம் இருக்க வேணும்" என்றார். "சம்பளம் எண்டால் ஒப்பந்தம் வேணும். எழுதிக் குடுத்துப்போட்டு, பேந்து ஆறுதலா வெட்டுங்கோ. இல்லாட்டில் முந்நூறும் உங்கடை பொக்கெற்றிலையிருந்து."

லலோந்த் ஜக்கெற்றுக்குள் கைவிட்டு மெத்தைக் கடைப் பில் புத்தகத்தை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், அந்த மேசையில், தாச்சிக்குப் பக்கத்தில் என் முதல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மார்செல்தான் பேனை தந்தான். பேனையை நீட்டும்போது அம்மா இருந்த பக்கம் வராமல் மேசையைச் சுற்றி வந்து தந்தான்.

"என்னடா எழுதுறாங்கள்?" என்று அம்மா கேட்டா.

"எனக்குச் சம்பளம், அம்மா."

"ஓம், நாவூறு போயிட்டுதெல்லே" என்றா, சாதாரணமாக.

திரும்ப நடந்த ஆட்டத்தில் ஒரு புதினமான காட்சி கண்டேன். மூலைக்குள் வட்டைத் துரத்திப் போய் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை. மார்செல் கொஞ்சத் தூரத்தில் நின்று, "உன்ரை அம்மா வந்திருக்கிறாவோ?" என்று கேட்டான். "மேலை, மூண்டாம் வரிசை" என்றேன். அவன் கையுறையால் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினான். நிற்கிற இடத்துக்கு எதிராள் வராவிட்டால் எவனும் கோல் அடிக்கலாம். கம்பத்தில் பட்டுத்தான் போனது, ஆனால் உள்ளே போனது. அந்தக் கதை லீக் முழுக்கப் பரவி, எங்கே போனாலும் எனக்கு ஒரு கைநீளம் இடம் கூடுதலாகக் கிடைத்தது. என் வேகமா, அம்மாவின் பெயரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கவலைதான்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று அந்தப் பருவத்தின் கடைசியில் வந்தது. லலோந்த் ஆட்டத்துக்கு ஆட்டம் வெட்டி வெட்டி, கடன் முடியும் தறுவாயில் இருந்தது. கஸ்தோன் என்னைக் காதுக்குக் கிட்டக் கூப்பிட்டார்.

"எவ்வளவு மிச்சம்?"

"கொஞ்சம்தான். அடுத்த கிழமை முடிஞ்சிடும்" என்றேன் பெருமையாக.

"விசரனே" என்றார். "கடன் முடிஞ்ச அண்டைக்கு அந்தாள் உன்னை அனுப்பிவிடும். தனக்குக் காசு தர வேண்டிய ஆளை அந்தாள் ஒருநாளும் வெளியிலை விடாது. போய் ஒரு மெத்தை வாங்கு. கடனுக்கு."

போய் வாங்கினேன். அடுத்த பருவமும் நான் அணியில் இருந்தேன். அது முடிய வர இன்னொரு மெத்தை. முழங்கால் மோசமான வருடம் இரட்டைக் கட்டில் மெத்தை எடுத்தேன், கஸ்தோனின் ஆலோசனைப்படி தலையணையும் சேர்த்து. மற்ற அணிகளில் முப்பது வயதானால் அனுப்பிவிடுவார்கள். என் பெயர் பட்டியலில் வரும்போதெல்லாம் லலோந்த் கணக்குப் புரட்டிவிட்டு, "இவன் இருக்கட்டும்" என்பாராம். பியர்பொன்ட்ஸிலுள்ள சின்னம்மா வீட்டில், அஹுன்ட்சிக்கிலுள்ள மாமா வீட்டில், கமலா மாமி வீட்டில்கூட எங்கள் மெத்தை கிடக்கிறது. மொன்ட்ரியாலில் எங்கள் சொந்தக்காரர் யார் வீட்டுக்கும் நீங்கள் தலையணை கொண்டுபோகத் தேவையில்லை.

பதின்மூன்று பருவம் விளையாடினேன். போன வசந்தத்தில் வலது முழங்கால் விட்டுவிட்டது. கஸ்தோனுக்கும் வயதாகிவிட்டது, மகள் வீட்டில் இருக்கிறார், பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுக்கிறார். பல் உள்ள முன் ஆட்டக்காரன் வேண்டுமா என்று வேறு அணி யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது பள்ளிப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற உதவியாளனாக இருக்கிறேன். தோளுக்கு மேலால் பார்க்கிற வேலைதான், சரியாக வருகிறது.

கடைசி மெத்தைக் கடன் இன்னும் முடியவில்லை. "கட்டிப்போட்டு வாவனடா, மானக்கேடு" என்று அம்மா ஒவ்வொரு கிழமையும் சொல்கிறா. காசு சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. இரண்டு முறை கடை வாசல்வரை போனேன். கண்ணாடிக்குள்ளால் லலோந்த் என்னைக் கண்டு, கையைத் தூக்கி, "போன்ஜூர், எப்ப பயிற்சிக்கு வாறாய்?" என்றார். அவருடைய புத்தகத்தில் நான் இன்னும் அணியில்தான் இருக்கிறேன். கட்டினால் என் பெயரை வெட்டிவிடுவார். உள்ளே போகாமல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பாக்கி நாற்பத்தைந்து டொலர்.